தவிட்டுக்கு வாங்கிய தம்பி

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பேரை வளர்த்தவள். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் ஓரகத்தி விட்டுவிட்டுப் போனது. எது யார் பெற்றது என்று எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அப்படி வளர்த்தேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் சொன்ன கிணறு வெட்டிய கதையைப் படித்துவிட்டு அச்சரப்பாக்கம் கடைத்தெருவில் ஒருவர், “ஆயா, நெசமா நடந்ததா, கட்டி வுட்டதா?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்த எழுத்து, கையெழுத்தும் பஸ் பலகையும்தான். நான் சொல்லச் சொல்லப் பேத்தி ஹேமா எழுதுகிறாள். ஏழு பேரை வளர்த்தவளுக்குக் கதை கட்ட நேரம் ஏது?

இந்த வாரம் சொல்வதை இன்னும் நம்பமாட்டீர்கள். பரவாயில்லை. நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வாழைக்காயில் உப்பு

போன வருஷத்து ஆடி அமாவாசை. உச்சி வேளை. சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குள் நிற்கிறேன். கையில் இலைக் கிண்ணம், அதில் இரண்டு வடை, ஒரு கை சோறு, வாழைக்காய் பொரியல்.

இடிந்த சுவர் நிழலில் ஒரு கிழவர் உட்கார்ந்து வலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். தலையில் துண்டு. முகத்தை நிமிர்த்தவில்லை. படையல் சோற்றில் ஒரு பங்கை முன்பின் தெரியாதவருக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். நீட்டினேன்.

“வேணாம்மா. இன்னிக்கு எனக்குப் பசிக்காது.”

“விரதமா?”

“விரதம் இல்ல. வருசத்துல இந்த ஒரு நாளு மட்டும் அப்பிடித்தான். உச்சி வந்தா வயிறு தானா ரொம்பிப் பூடும். வாயெல்லாம் எள்ளு வாசனை.”

வெயில் தலைக்கு ஏறின மனுஷன் என்று நினைத்து நகர்ந்தேன். நாலு எட்டு வைத்திருப்பேன். பின்னாலிருந்து அதே குரல், யாரிடமும் பேசாத மாதிரி:

“இந்த வருசம் வாழக்காயில உப்பு தூக்கல்.”

நின்றுவிட்டேன். படையல் சமையலை ருசி பார்க்கக்கூடாது. அடுப்பிலிருந்து இறக்கி, அடுக்குச் சட்டியில் போட்டு, மூடிக் கொண்டுவந்தது. காக்கை எடுத்ததே தவிர மனுஷர் வாயில் இன்னும் ஒரு பருக்கை போகவில்லை. மருமகள் வளர்மதிகூட நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

இலைக் கிண்ணத்திலிருந்து ஒரு துண்டு வாழைக்காயை எடுத்து வாயில் போட்டேன். உப்பு கரித்தது.

சத்தம் இல்லாத ஊர்

நாங்கள் அங்கே போகவேண்டியவர்களே இல்லை. வருஷா வருஷம் மாமல்லபுரம்தான் போவோம். கடலில் முழுக்குப் போட்டு, எள்ளும் தண்ணியும் இறைத்து, மணலிலேயே இலை போட்டுப் படைத்துவிட்டு வருவோம். மற்றவர்கள் வீட்டில் படைப்பார்கள். எங்கள் குடும்பத்தில் கடலோரத்தில்தான். அதற்குக் காரணம் உண்டு, வருகிறேன்.

அந்த வருஷம் மாமல்லபுரத்தில் கால் வைக்க இடமில்லை. வண்டிகளைத் திருப்பி விட்டார்கள். என் பெரிய மகன் செல்வம் மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். ரோட்டில் பொறுமை கிடையாது. “தெக்கால போவோம்மா, கடல் எங்கயும் ஒரே கடல்தான்” என்று வண்டியை விட்டான். அப்படிப் போய் இறங்கிய ஊர்.

ஆள் இல்லாத ஊர் இல்லை. வீடுகள் இருந்தன, கொடியில் துணி காய்ந்தது, ஒரு வீட்டில் ரசம் கொதிக்கிற வாசனைகூட வந்தது. சத்தம்தான் இல்லை. நாய் பார்த்தது, குரைக்கவில்லை.

ஒரு காலத்தில் கப்பல்கள் வந்து நின்ற துறை அது. டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி, சுற்று ஊர்களில் நெய்த துணியை மூட்டை மூட்டையாக ஏற்றினார்களாம். செல்வம் போனில் பார்த்துச் சொன்னான். என்னால் நம்ப முடிந்தது. அந்த ஊர்ச் செங்கல் சின்னது, பழையது, காலை வைத்தால் சில்லென்று இருந்தது, அந்த வெயிலிலும்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் கோட்டைக்குள் நுழைந்ததும் அலைச் சத்தம் அறுந்துபோயிற்று, யாரோ கதவைச் சாத்தின மாதிரி. உள்ளே யானை மேல் ஏற ஒரு மேடை. யானை இல்லை. ஒரு மூலையில் வெள்ளைக்காரர் கல்லறைகள், பூட்டின கம்பிக் கதவுக்குப் பின்னால். படுக்கவைத்த கல் மேல் மண்டை ஓடும் எலும்பும் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு கல்லில் பாய் விரித்த கப்பல். எந்தக் கரைக்குப் போக அது இன்னும் பாய் விரித்திருக்கிறதோ.

ஏகாம்பரத்தின் இலை

அன்றைக்கு மணலில் நாலு இலை போட்டோம். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, என் வீட்டுக்காரருக்கு, தம்பி ஏகாம்பரத்துக்கு. எந்த வருஷமும் காக்கை முதலில் விழுவது ஏகாம்பரம் இலையில்தான். “உன் தம்பிக்கு எப்பவும் அவசரம்” என்று என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் சிரிப்பார். பிறகு அவருக்கே ஒரு இலை வந்துவிட்டது.

ஏகாம்பரம் எனக்கு ஆறு வயது இளையவன். அம்மா வயலுக்குப் போய்விட, என் இடுப்பில் வளர்ந்தவன். மீசை முளைத்த வயதில் களத்துமேட்டில் ஊரார் பார்க்க அப்பா அவனை அறைந்தார். காரணம் ஒன்றுமில்லை, நெல் அளக்கிற நேரத்தில் எதிர்த்துப் பேசினான். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிழக்கே போனான். மாமல்லபுரத்து மணலில் சைக்கிளும் மடித்துவைத்த சட்டையும் கிடைத்தன. அவன் கிடைக்கவில்லை.

அமாவாசை பார்த்து, பௌர்ணமி பார்த்து, கடைசியில் அப்பா வைக்கோலில் ஆள் செய்து கொளுத்தினார். கருமாதி போட்டார். ஊரே வந்து சாப்பிட்டது. அதிலிருந்துதான் கடலோரத்தில் இலை.

அது நடந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் இருக்கும்.

மணியக்காரர்

உப்புக் கரித்த வாயோடு திரும்பி நடந்தேன். கிழவர் முன்னால் போய் நின்றேன்.

“யாருய்யா நீ?”

அவர் தலையிலிருந்த துண்டை எடுத்தார். “வண்டியில இருந்து எறங்கும்போதே தெரியும்க்கா. மகனைத் திட்டிகினே எறங்கின. உன் தொண்டை மட்டும் மாறவே இல்ல.”

குனிந்து முகத்தை உற்றுப் பார்த்தேன். ஆனாலும் நான் ஒருத்தர் சொன்னதற்காக நம்புகிறவள் இல்லை. “எங்க அப்பா வண்டி மாடு ரெண்டு. செவலை பேரு இன்னா, சொல்லு.”

“மணியக்காரரு.”

அப்பா வைத்த பேர். ஊர் மணியக்காரர் மாதிரியே தின்பதும் தூங்குவதும்தான் அதற்கு வேலை. மணியக்காரர் காதில் விழக்கூடாது என்று எங்கள் வீட்டுக் கொட்டகையைத் தாண்டாத பேர். வெளியாளுக்குத் தெரிய வழியில்லை.

உட்கார்ந்துவிட்டேன். செல்வமும் வளர்மதியும் ஓடிவந்தார்கள். மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் தெளித்தார்கள். “தெளிக்காதீங்கடா. உங்க மாமன்டா” என்றேன். செல்வம் என்னையும் பார்த்தான், கல்லறைப் பக்கமும் பார்த்தான்.

கடைசிப் பந்தி

கடல் அவனைத் தெற்கே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இந்த ஊர்க் கட்டுமரக்காரர் ஒருவர் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். வாரக் கணக்கில் ஜுரம். நடக்கத் தெம்பு வந்ததும் ஊருக்குப் புறப்பட்டான்.

“வூட்டாண்ட வந்தா ஒரே கும்பல். பந்தல் போட்டுக் கீது. யாருக்குக் கல்யாணம்னு எட்டிப் பாத்தேன். என் போட்டோவுக்கு மாலை.”

“கூப்பிட வேண்டியதுதானேடா?”

“இன்னான்னு கூப்பிடறது? காரியம் முடிஞ்சவன் வாசப்படி மெறிச்சா அந்த வூட்ல இன்னொரு உசுரு பூடும்னு சொல்லுவாங்களே. உன் இடுப்புல கைக்கொழந்த இருந்துதுக்கா.”

வலையில் ஒரு முடிச்சை இழுத்து இறுக்கினான்.

“ஆனா பசி. முக்காடு போட்டுகினு கடைசிப் பந்தில பிச்சக்காரங்களோட குந்தினேன். என் சாவு சோறு. நீதான் பாயசம் ஊத்தின.”

எத்தனையோ பேருக்கு ஊற்றினேன். பந்தியில் முகத்தைப் பார்த்தா ஊற்றுவார்கள்? இலையைப் பார்த்துத்தான் ஊற்றுவார்கள்.

“அந்தச் சோத்தைத் தின்னதுல இருந்துதான்க்கா இப்பிடி. செத்தவன் சோத்தைச் செத்தவனே தின்னா வேற இன்னா ஆவும்?”

நாங்கள் ஒவ்வொரு வருஷமும் போட்ட சோறு நேராக இந்த உயிருள்ள வயிற்றுக்குள் வந்து விழுந்திருக்கிறது.

“வா, வூட்டுக்குப் போலாம்” என்றேன்.

“செத்தவன் வரமாட்டான்” என்றான். அவன் அழவில்லை. பஸ் இந்தப் பக்கம் நிற்காது என்கிற மாதிரி சொன்னான்.

வழி ஒன்று உண்டு

அவனை விட்டுவிட்டு வண்டியில் திரும்பினோம். மதுராந்தகம் தாண்டும்போதுதான் எனக்கு வழி தெரிந்தது.

பிறக்கிற பிள்ளையெல்லாம் சாகிற வீடு சில இருக்கும். அங்கே அடுத்த பிள்ளை பிறந்தால் குப்பைமேட்டில் புரட்டி, முறத்தில் வைத்து, வேறொருத்திக்குத் தவிட்டுக்கு விற்பார்கள். எமன் வந்து தேடினால் அப்படி ஒரு பிள்ளையே அந்த வீட்டில் இல்லை. குப்பன், குப்பம்மா என்று பேர் வைப்பதெல்லாம் அதனால்தான். வாங்கினவளுக்கு அது புதுசாகப் பிறந்த பிள்ளை.

பிறந்த பிள்ளையை வாங்கலாம் என்றால் இருக்கிற தம்பியை ஏன் வாங்கக்கூடாது? ஏகாம்பரம் செத்தவனாகவே இருக்கட்டும். நான் வாங்குவது குப்பனை.

செல்வம் தலையில் அடித்துக்கொண்டான். “எம்மா, ஆதார் கார்டுல இன்னா பேரு போடுவ?” 

“உன் பேரைப் போடல இல்ல? வண்டியைப் பாத்து ஓட்டு.”

விற்றவள் கன்னியம்மா

மறுபடி போய்க் கேட்டேன், குப்பன் என்றால் வருகிறேன் என்றான். விற்க ஒருத்தி வேண்டுமே. அவனைக் கரையேற்றிய கட்டுமரக்காரரின் மகள் கன்னியம்மா இருந்தாள். அறுபது வயதிருக்கும், மீன் விற்கிறவள். அவன் வந்தபோது சின்னப் பெண். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போட்டது அந்த வீடுதான். கல்யாணம் காட்சி ஒன்றும் அவன் செய்துகொள்ளவில்லை. செத்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று தானே சொல்லிவிட்டானாம்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டு நெல்லை அரைத்த தவிடு ஒரு மரக்கால் மூட்டை கட்டி எடுத்துப் போனேன். கருவாடு காயவைக்கிற இடத்துக்குப் பின்னால் குப்பைமேடு. ஏகாம்பரம் அதில் படுத்து ஒரு புரள் புரண்டு எழுந்தான். முதுகெல்லாம் மீன் செதில். முறத்தில் அவன் எப்படிக் கொள்வான்? தலையை மட்டும் வைத்தான். 

கன்னியம்மா தவிட்டைக் கையில் அள்ளிப் பார்த்தாள். “எழுவது வயசுப் புள்ளைக்கு ஒரே மரக்காலா? பல்லு வேற பாதி மொளைச்சுக் கீதே, தாயீ.”

“மொளைச்சதா, விழுந்ததா, நல்லாப் பாத்துச் சொல்லு.”

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் முதலில் நிறுத்தினாள். முறத்தை என் பக்கம் தள்ளினாள். விற்றவள் திரும்பிப் பார்க்கக்கூடாது, போய்ட்டு வா என்றும் சொல்லக்கூடாது. தவிட்டு மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தச் சத்தமில்லாத தெருவில் அவள் பாட்டுக்கு நடந்து போனாள். குப்பனாகிவிட்ட என் தம்பி முறத்துக்கு மேலே தலையைத் தூக்கி அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் வாங்குகிற பக்கத்தை மட்டும் நினைத்தேன். விற்கிற பக்கத்தில் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை.

மூன்று இலை

எட்டாவதாக அவனையும் வளர்க்க ஆரம்பித்தேன். பேரப்பிள்ளைகள் அவனைப் “பெரிய பாப்பா” என்று கூப்பிட்டார்கள். கோபித்துக்கொள்ளவில்லை. வாசலில் நாற்காலியைக் கிழக்கே திருப்பிப் போட்டு உட்காருவான். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் போகிற சத்தம் கண்ணை மூடிக்கொண்டால் கடல் மாதிரி இருக்கிறது என்றான். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டால் என்று அவன் சொன்னதை விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் ஆடி அமாவாசை வந்தது. கடலுக்குப் போகவில்லை. வீட்டிலேயே மூன்று இலை. முதல் தடவையாக நாலாவது இல்லை.

உச்சி நெருங்கும்போது குப்பன் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றான். “அக்கா, பசிக்குது.”

ஐம்பது வருஷமாக இந்த நாளில் அவனுக்கு இல்லாத பசி. முகத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு, “படைச்சுட்டுத்தான் சோறு. போய் உக்காரு” என்று அதட்டினேன். காக்கை வந்தது, எடுத்தது. சாப்பிட முதல் இலையை அவனுக்கே போட்டேன். வீடே சுற்றி நின்று பார்த்தது.

ஒரு கவளம் எடுத்தான். வாய் வரைக்கும் கை போயிற்று. நின்றது. அந்தரத்தில் அப்படியே நின்றது. பிறகு கவளத்தை மெல்ல இலையில் வைத்தான்.

“வயிறு ரொம்பிப் போச்சுக்கா.”

 

“எள்ளு வாசனையா?” என்றேன்.

“எள்ளு இல்ல.” நாக்கை மேலண்ணத்தில் தட்டிப் பார்த்தான். “காரப்பொடி மீன் கொழம்பு. புளி கம்மி.”

போனில்

எங்கள் வீட்டில் அமாவாசையன்று மீன் நினைப்பே கிடையாது. செல்வத்திடம் போனைப் போடச் சொன்னேன்.

“கன்னியம்மா, இன்னிக்குக் காரப்பொடி கொழம்பு வச்சியா?”

“ஏன் கேக்கற, தாயீ?” என்றாள்.

“புளி கம்மியாமே.”

மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. “யாரு சொன்னா? நானே இன்னும் வாய்ல வெக்கலியே, தாயீ!”

“உசுரோட கீறவனுக்கு ஏண்டி இலை போட்ட?”

“போடாம? வித்துட்டேனே. வித்த புள்ள வித்தவளுக்குச் செத்த புள்ளதானே. எங்க அப்பன் இலைக்குப் பக்கத்துல அண்ணாத்தைக்கும் ஒண்ணு போட்டேன். இந்த நாளுக்கு எல்லார் வூட்லயும் காய்தான். அவருக்கு மீனு இல்லாம சோறு எறங்காது. அதான் மீனு.” பிறகு மெதுவாகக் கேட்டாள்: “சாப்புட்டாரா?”

வயிறு நிரம்பிவிட்டதாம் என்று சொன்னேன். அந்தப் பக்கம் அவள் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. பின்னால் கடல் சத்தம் பெரிதாகக் கேட்டது.

போனை வைத்துவிட்டுப் பார்க்கிறேன், அவன் வாசலில் நாற்காலியில். கிழக்கே பார்த்து. வாயில் அந்தக் குழம்பு ருசி போய்விடக் கூடாதென்று தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

சொல்லவேண்டியது

அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. எந்தப் பக்கம் இருந்தாலும் இன்னொரு பக்கம் அவனுக்கு ஒரு இலை விழுகிறது. ஐம்பது வருஷம் நான் அவனைச் சாகடித்து வைத்திருந்தேன். இப்போது அவள் முறை. உயிரோடு இருக்கிறவனுக்கு எத்தனை சாவு?

தவிட்டுக்கு வாங்கின பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் ஜனத்தில் இல்லை. நான் கேட்டதில்லை, யாரும் பார்த்ததில்லை. நான் போய், “உன் ஆளை நீயே கூட்டிக்கோ” என்று அவளிடம் நிற்கவும் மாட்டேன். அவனிடம் “போறியா?” என்று கேட்கவும் மாட்டேன். கேட்டால், அக்கா மனசு நோகும் என்று இல்லை என்பான்.

அதனால் ஊருக்கே சொல்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை வாசலில் முறத்தோடு நிற்பேன். கன்னியம்மா வரட்டும். தவிடோ, கருவாட்டுத் தூளோ, என்ன இருக்கிறதோ எடுத்துக்கொண்டு வரட்டும். விற்கிறேன். விற்றவள் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது பெரியவர்கள் சொன்னது. நான் பார்ப்பேன், அவன் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்ப்பேன். போய்ட்டு வா என்றும் சொல்வேன். அடுத்த ஆடிக்கு மூன்று இலைதான் போடுவேன். அவளும் போடக்கூடாது. அவன் பசியோடு எழுந்து, அவள் கையால் சாப்பிடட்டும்.

எழுதிட்டியா, ஹேமா? எங்க, ஒரு தடவை படி. மனசுக்குள்ள இல்லடி, கண்ணு. ஒரக்கப் படி. வாசல்ல உக்காந்து கீறானே, அவனுக்குக் கேக்கணும்.